பூஸ்டரைக் கூட்டக் கூட படம் ஏன் உடைகிறது? இரண்டு ஏரியல் வைத்த வீட்டுக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் இதே தொல்லை உள்ள மற்றவர்களுக்கும் பதில் பிடிபடும். கோலாலம்பூருக்கு வடக்கே, பத்துமலைக்குத் தென்மேற்கே ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இரட்டை மாடி வீடு. கூரையில் இரண்டு டிவி ஏரியல்: ஒன்று கோலாலம்பூரின் கேஎல் டவரைப் பார்க்கிறது, இன்னொன்று கெந்திங் பக்கம், அதாவது குனோங் உலு காலி மலையில் உள்ள ஒளிபரப்புக் கோபுரத்தைப் பார்க்கிறது. மாட்டிய ஆள் ஒரு இருவழி ஸ்பிளிட்டரை (ஒரு கேபிளை இரண்டாகப் பிரிக்கும் துண்டை) திருப்பிப் போட்டு இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, அதற்குக் கீழே 30 டெசிபெல் பூஸ்டர் (சிக்னலைப் பெருக்கும் கருவி; எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்பதை அளக்கும் அலகுதான் டெசிபெல்) வைத்து, வீட்டுக்குள் மூவழி ஸ்பிளிட்டரில் ஹால், அம்மாவின் அறை, மேல்மாடி என்று பிரித்துவிட்டார். ஹாலில் ஓரளவு பரவாயில்லை. அம்மாவின் அறையில் சாயங்காலம் ஆனால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, டிவி2-இல் தமிழ்ச் செய்தி பார்க்க உட்கார்ந்தால் பாதி வார்த்தை காணாமல் போகிறது. டிகோடர் மெனுவில் பார்த்தால் சிக்னல் பலம் 95, தரம் 20-க்கும் 30-க்கும் நடுவில். மாட்டியவர் இன்னும் பெரிய பூஸ்டர் போடலாம் என்கிறார். வலுவான சிக்னலையும் பலவீனமான சிக்னலையும் எப்படிச் சமன் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரிய பூஸ்டர் வாங்காதீர்கள். இப்போது இருப்பதே அதிகம். சமன் செய்கிற வேலை பூஸ்டருக்கு முன்னால், கூரையில், ஸ்பேனரோடு நடக்க வேண்டியது. பூஸ்டருக்குப் பின்னால் எதைப் போட்டாலும் கெட்டுப்போன சிக்னல் திரும்பி வராது. பலவீனமானதைத் தூக்க நினைக்காமல் வலுவானதை இறக்க வேண்டும். இன்னொன்று, உங்கள் கூரையில் இருக்கும் இரண்டு ஏரியலில் ஒன்று தேவையே இல்லாமல் இருக்கலாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

மெனுவில் காட்டும் இரண்டு எண்களிலிருந்து தொடங்கலாம். பலம் என்பது கேபிள் வழியாக எவ்வளவு சக்தி உள்ளே வருகிறது என்பது, அவ்வளவுதான். அந்தச் சக்தியில் உங்களுக்கு வேண்டிய ஒளிபரப்பு எவ்வளவு, இரைச்சலும் குப்பையும் எவ்வளவு என்பதை அது சொல்லாது. தரம் என்பதுதான் அதைச் சொல்கிறது. பழைய அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும், கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகும், ஆனாலும் ஆள் யாரென்று தெரியும். டிஜிட்டலில் அப்படி இல்லை. நம் மலேசியாவில் இப்போது இருப்பது டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறை. 2019-இல் அனலாக்கை ஒவ்வொரு பகுதியாக நிறுத்தி இதற்கு முழுதாக மாறினோம். இதில் சிக்னல் இரைச்சலைவிட ஏறக்குறைய 20 டெசிபெல் மேலே நின்றால் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். அந்த எல்லைக்கு ஒன்றிரண்டு டெசிபெல் கீழே இறங்கினால் கட்டம் கட்டமாக உடையும், இன்னும் கொஞ்சம் இறங்கினால் கறுப்புத் திரை. நடுவில் இடைநிலை என்று சொல்ல அதிகம் இல்லை. அதனால்தான் காலையில் நன்றாக இருந்தது சாயங்காலம் திடீரென்று போகிறது. உண்மையில் காலையிலும் அது விளிம்பில்தான் நின்றுகொண்டிருந்தது, உங்களுக்குத் தெரியவில்லை.

பலம் 95, தரம் 25 என்றால் என்ன பொருள்? உள்ளே ஏராளமாகச் சக்தி வருகிறது, ஆனால் அதில் பெரும்பங்கு குப்பை. சிக்னல் குறைவாக இருந்தால் இரண்டு எண்ணும் சேர்ந்து கீழே இருக்கும். இப்படி ஒன்று உச்சத்திலும் ஒன்று பாதாளத்திலும் இருப்பது பூஸ்டர் தாங்க முடியாமல் திணறுவதற்கான அடையாளம், அல்லது கட்டடங்களில் பட்டு எதிரொலித்து வரும் சிக்னல்கள் ஒன்றோடொன்று மோதுவதற்கான அடையாளம். உங்கள் வீட்டு அமைப்பைக் கேட்டதும் எனக்கு முதல் சந்தேகம் பூஸ்டர் மேல்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை உங்கள் வீட்டில் அளந்த எண்கள் இல்லை, ஆனால் இந்த மாதிரி இடத்தில் எதிர்பார்க்கக்கூடியவை. அளவு டெசிபெல் மைக்ரோவோல்ட், ஏரியல் மாட்டுகிறவர்களின் மீட்டரில் வரும் அதே அளவு. கேஎல் டவர் உங்களிடமிருந்து ஒன்பது கிலோமீட்டருக்குள், 421 மீட்டர் உயரம், நடுவில் பெரிதாக மறைப்பு இல்லையென்றால் அதைப் பார்க்கும் ஏரியலில் 82 வரலாம். உலு காலி உங்களுக்கு வடகிழக்கே சுமார் 26 கிலோமீட்டர். மலை உயரம்தான், ஆனால் உங்கள் வீட்டுக்கும் அதற்கும் நடுவில் பத்துமலைச் சுண்ணாம்புப் பாறை நிற்கிறது. அதன் விளிம்பில் வளைந்து வரும் மிச்சம்தான் உங்களுக்குக் கிடைக்கிறது, அது 48 என்று வைத்துக்கொள்வோம். திருப்பிப் போட்ட ஸ்பிளிட்டர் இரண்டிலிருந்தும் சுமார் 4 தின்னும், ஆக 78-உம் 44-உம். 30 டெசிபெல் பூஸ்டருக்குள் போய் வெளியே வந்தால் 108-உம் 74-உம் வர வேண்டும். வராது. கடையில் கிடைக்கும் சாதாரணக் கூரை பூஸ்டர்கள் 100-ஐ ஒட்டிய அளவில் மூச்சுத் திணற ஆரம்பித்துவிடும், அதுவும் ஒரே சமயத்தில் பல அலைவரிசைகள் உள்ளே இருந்தால் அதற்கும் கீழேயே.

அப்படித் திணறும்போது நடப்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. வலுவான சிக்னல்கள் ஒன்றோடொன்று கலந்து இல்லாத அலைவரிசைகளிலெல்லாம் போலியான சக்தியை உண்டாக்குகின்றன. டிஜிட்டல் ஒளிபரப்பில் இந்தப் போலி பார்ப்பதற்கு இரைச்சல் மாதிரியே இருக்கும், டிகோடருக்கும் அது இரைச்சல்தான். 74-இல் நிற்கும் உங்கள் பலவீனமான சிக்னலுக்கு அடியில் இந்த இரைச்சல் 65 வரை ஏறிவிட்டால் இடைவெளி 9 டெசிபெல், தேவையோ 20. சக்தி தாராளம், படம் இல்லை. இந்த நிலையில் 40 டெசிபெல் பூஸ்டர் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே இப்போது தெரியும்.

இன்னொரு முக்கியமான விஷயம். 48 என்பது குறைவு என்று தோன்றும், ஆனால் டிகோடருக்கு அது போதும். பொதுவாக டிவியின் பின்பக்கம் 45-லிருந்து 70 வரை இருந்தால் நிம்மதி. அதாவது அந்தப் பலவீனமான ஏரியலிலிருந்து ஒரே ஒரு கேபிள் நேராக ஒரே ஒரு டிவிக்கு வந்திருந்தால் பூஸ்டரே வேண்டாம். பூஸ்டரின் வேலை கேபிளும் ஸ்பிளிட்டரும் வழியில் தின்பதை ஈடு கட்டுவது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஏரியலில் விழாத சிக்னலை அது உண்டாக்காது. விழுந்த இரைச்சலையும் சேர்த்தே தூக்கும், தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலையும் போடும். ஆகவே எவ்வளவு இழப்போ அவ்வளவு பூஸ்ட், மேலே ஒரு சின்ன உபரி, அதோடு நிறுத்திவிட வேண்டும்.

சரி, இப்போது என்ன செய்வது. கூரைக்கு ஏறுவதற்கு முன் ஒரு சோதனை: கேஎல் ஜாலான் பாசாரில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் அட்டெனுவேட்டர் என்று கேட்டால் சின்னதாக, திருகினால் 0-லிருந்து 20 டெசிபெல் வரை குறைப்பது கிடைக்கும். விலை அதிகம் இல்லை. முதலில் அதை ஹால் டிகோடருக்குப் பின்னால் போட்டுத் திருகுங்கள். பலம் குறைந்து தரம் ஏறினால் டிகோடரின் முன்பகுதியே திணறிக்கொண்டிருந்தது என்று பொருள். பலம் குறைந்தும் தரம் அசையவே இல்லையென்றால் சேதம் அதற்கு முன்னாலேயே, பூஸ்டரில் நடந்துவிட்டது. பிறகு அதே அட்டெனுவேட்டரைப் பூஸ்டருக்கு முன்னால், ஏரியல் பக்கம் போட்டுப் பாருங்கள். அங்கே போட்டுத் தரம் ஜிவ்வென்று ஏறினால் குற்றவாளி பூஸ்டர்தான், வாதமே வேண்டாம். அட்டெனுவேட்டர் கிடைக்கவில்லையென்றால் ஒரு நால்வழி ஸ்பிளிட்டரை நடுவில் போடுங்கள், அதுவே 7, 8 டெசிபெல் குறைக்கும்; சும்மா இருக்கும் மூன்று வாய்களையும் 75 ஓம் மூடியால் அடைத்துவிட வேண்டும். ஆனால் பூஸ்டருக்கு மின்சாரம் போகும் பாதையில் இவற்றைப் போடாதீர்கள். கூரை பூஸ்டருக்குக் கேபிள் வழியாகவேதான் மின்சாரம் ஏறுகிறது, நடுவில் வழிமறித்தால் பூஸ்டர் செத்துப்போய் சோதனையே தப்பாகிவிடும்.

அடுத்து இரண்டு ஏரியலையும் பிரியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். கேஎல் டவர் பக்கம் பார்ப்பதைப் பூஸ்டர் இல்லாமல் நேராக ஒரு டிகோடரில் கொடுத்து, பழைய பட்டியலை அழித்துவிட்டுப் புதிதாக ஸ்கேன் செய்யுங்கள். எந்தெந்த சேனல் வருகிறது, ஒவ்வொன்றும் எந்த அலைவரிசையில், தரம் எவ்வளவு என்று காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் உலு காலி பக்கத்து ஏரியலுக்கும் அதே மாதிரி. இதைச் செய்யாமல் யாரும் உங்களுக்குச் சரியான பதில் சொல்ல முடியாது, நானும்தான்.

எழுதும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள்: டிஜிட்டலில் ஒரு அலைவரிசைக்குள் பல சேனல்கள் ஒரே மூட்டையாக வருகின்றன. அதனால் பழுது என்று வந்தால் மூட்டையாகத்தான் போகும். சில சேனல்கள் மட்டும் சேர்ந்தாற்போல் காணாமல் போகின்றன, மற்றவை சுத்தமாக இருக்கின்றன என்றால் அந்த ஒரு அலைவரிசைதான் உங்கள் வீட்டில் பலவீனம்.

காகிதத்தில் உள்ள இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டால் பெரும்பாலும் ஒரே சேனல்கள்தான் இரண்டிலும் இருக்கும். மைஃப்ரீவியூ என்ற பெயரில் தொடங்கிய ஒரே இலவச டிஜிட்டல் சேவைதான் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. அப்படியென்றால் ஒரு பக்கமே எல்லாவற்றையும் நல்ல தரத்தில் கொடுத்தால், இன்னொரு ஏரியலை இறக்கி வைத்துவிடலாம். அனலாக் நாட்களில் சில சேனல்களுக்கு விஎச்எஃப் (தாழ்ந்த அலைவரிசை), மற்றவற்றுக்கு யுஎச்எஃப் (அதைவிட உயர்ந்த அலைவரிசை) என்று வேறு வேறு ஏரியல் வேண்டியிருந்தது. விஎச்எஃப் ஏரியலின் நீளமான கம்பிகள் இன்னும் நம் தாமான் கூரைகளில் நிற்கின்றன, டிஜிட்டல் முழுவதும் யுஎச்எஃப்-க்குப் போய்விட்டதால் அவற்றுக்கு இப்போது வேலை இல்லை. அந்தப் பழக்கத்தில்தான் இரண்டு வைத்தால் இரட்டிப்பு பலன் என்று மாட்டிவிடுகிறார்கள். பலன் இரட்டிப்பாகாது. ஒரே ஒளிபரப்பு இரண்டு ஏரியல் வழியாக, இரண்டு வேறு நீளக் கேபிளில் வந்து ஒரு இடத்தில் சேர்ந்தால், சில அலைவரிசைகளில் கூடும், சிலவற்றில் ஒன்றையொன்று அழிக்கும். எது எங்கே என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, காற்றில் ஏரியல் ஆடினாலே மாறும்.

இரண்டு பட்டியலிலும் அலைவரிசை எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரே எண்ணில் இரண்டு கோபுரமும் அனுப்பினால் டிவிபி-டி2 அதைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டதுதான், எதிரொலி மாதிரி எடுத்துக்கொள்ளும். ஆனாலும் இரண்டும் ஒரே பலத்தில் வந்து மோதுவதைவிட, ஒன்று தெளிவாக மேலேயும் இன்னொன்று நன்றாகக் கீழேயும் இருந்தால் டிகோடருக்கு நிம்மதி. அந்த நிலையில் சமன் செய்வதே தப்பான வேலை. ஒரு கோபுரத்தைத் தேர்ந்தெடுத்து மற்றதை முடிந்தவரை ஒதுக்க வேண்டும். எண்கள் வேறு வேறாக இருந்து, இரண்டு பக்கமும் உங்களுக்குத் தேவை என்றால்தான் சமன் செய்வதைப் பற்றிப் பேசவே வேண்டும்.

அப்படித் தேவை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் என் முதல் யோசனை ஒரே ஏரியல்தான். பலவீனமான பக்கத்தைப் பார்க்கும் ஏரியலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வலுவான கோபுரம் அதற்குப் பின்பக்கவாட்டில் இருந்தாலும் உள்ளே வரும்! யாகி ஏரியல் (நீளத் தண்டில் குறுக்குக் கம்பிகள் வைத்த வழக்கமான ரகம்) எதுவும் பின்பக்கத்தை முழுதாக மூடிவிடுவதில்லை, முன்பக்கத்தோடு ஒப்பிட்டால் 15-லிருந்து 20 டெசிபெல் வரைதான் குறைக்கும். உங்கள் வீட்டில் உலு காலி வடகிழக்கு, கேஎல் டவர் தெற்குத் தென்கிழக்கு, இரண்டுக்கும் நடுவில் 130 பாகை அளவு கோணம். ஆக உலு காலியைப் பார்க்கும் ஏரியலிலேயே கேஎல் டவர் 82-க்குப் பதில் 64 அளவில் வந்து நிற்கும். 48-உம் 64-உம். 34 ஆக இருந்த வித்தியாசம் 16 ஆகிவிட்டது, நீங்கள் ஒரு சாமானும் வாங்கவில்லை, சேர்க்கும் ஸ்பிளிட்டரின் 4 டெசிபெல் இழப்பும் மிச்சம்.

இன்னும் நெருக்க வேண்டுமென்றால் ஏரியலைச் சற்றுத் திருப்புங்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஏரியலின் முன்முகம் அகலம், பத்துப் பன்னிரண்டு பாகை தள்ளிப்போனால் பலவீனமான சிக்னலில் ஒன்றோ இரண்டோ டெசிபெல்தான் போகும். ஆனால் பக்கவாட்டிலும் பின்னாலும் சில திசைகளில் குழி விழுந்த மாதிரி சட்டென்று குறையும் இடங்கள் இருக்கின்றன. வலுவான கோபுரத்தை அந்தக் குழிக்குள் தள்ளிவிட்டால் அது மட்டும் கிடுகிடுவென்று இறங்கும். ஒருவர் கூரையில், ஒருவர் டிகோடர் முன்னால், கைப்பேசியில் பேசிக்கொண்டே, கட்டைவிரல் அகலம் திருப்பி, டிகோடரின் எண் நிலைக்கும்வரை சில விநாடி பொறுத்து, மறுபடி திருப்பி. டிகோடர் எண்ணைக் காட்டுவதில் தாமதம் இருக்கும், அவசரப்பட்டால் நல்ல இடத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள். பார்க்க வேண்டியது தரத்தை, பலத்தை இல்லை.

திசையோடு இடத்தையும் மாற்றிப் பாருங்கள். 600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் அரை மீட்டர். பாறை விளிம்பில் வளைந்து வரும் சிக்னலும் பக்கத்துக் கொண்டோ சுவரில் பட்டு வரும் சிக்னலும் கூடி, ஓரிடத்தில் மேடும் ஒரு சாண் தள்ளிப் பள்ளமுமாக இருக்கும். கம்பத்தில் ஒரு முழம் மேலே அல்லது கீழே, கூரையின் இந்த மூலைக்குப் பதில் அந்த மூலை, இதில் கிடைக்கும் வித்தியாசம் எந்தப் பூஸ்டரும் தராது. ஏனென்றால் இது உண்மையான சிக்னல், இரைச்சலைவிட்டு மேலே எழும் சிக்னல். உயரம் அதிகமானால் எப்போதும் நல்லது என்றும் இல்லை. சில வீடுகளில் கம்பத்தைத் தாழ்த்தி, சொந்தக் கூரையையே வலுவான கோபுரத்துக்கு மறைப்பாக வைத்தால் சமன் தானாக வரும்.

இனி மறுபடி கணக்கு. 64-உம் 48-உம் 15 டெசிபெல் பூஸ்டருக்குள் போனால் 79-உம் 63-உம், பூஸ்டருக்கு மூச்சு முட்டாது. கூரையிலிருந்து ஹால் வரை 20 மீட்டர் ஆர்ஜி6 கேபிள் சுமார் மூன்றரை தின்னும், சமமாகப் பிரிக்கும் மூவழி ஸ்பிளிட்டர் 6, அறை வரை இன்னும் பத்து மீட்டர் கேபிள் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில். அம்மாவின் அறையில் டிவிக்குப் பின்னால் 68-உம் 52-உம். இரண்டும் 45-க்கும் 70-க்கும் நடுவில். 30 டெசிபெல்லில் கிடைக்காதது 15-இல் கிடைக்கிறது.

இரண்டு ஏரியலும் இருந்தே ஆக வேண்டும், ஒரே ஏரியலில் வலுவான பக்கம் சரியாக வரவில்லை (நடுவில் கட்டடம் எதிரொலித்துத் தரத்தைக் கெடுக்கலாம்) என்ற நிலை வந்தால், வலுவான ஏரியலின் கேபிளில் மட்டும், சேர்ப்பதற்கு முன்னால், 20 டெசிபெல் அட்டெனுவேட்டர் போட்டு 82-ஐ 62-க்கு இறக்குங்கள். பிறகு சேருங்கள், அதன் பிறகு அளவான பூஸ்டர். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: பலவீனமான ஏரியல் பின்பக்கமாக எடுக்கும் 64, இப்போது நீங்கள் இறக்கி வைத்த 62-உடன் சேர்ந்து மோதும். அதனால்தான் சும்மா ஸ்பிளிட்டரில் சேர்ப்பது எனக்குப் பிடிப்பதில்லை. அலைவரிசை வாரியாக வடிகட்டி, இந்த ஏரியலிலிருந்து இந்த அலைவரிசை மட்டும், அந்த ஏரியலிலிருந்து அது மட்டும் என்று எடுத்து ஒவ்வொன்றின் அளவையும் தனித்தனியாக நிர்ணயிக்கும் புரோகிராம் செய்யக்கூடிய பூஸ்டர்கள் இருக்கின்றன. அபார்ட்மென்ட் பொது ஏரியலுக்கு அதுதான் முறை. ஒரு வீட்டுக்கு அது வீண் செலவு என்பது என் கருத்து. வேறு வழியே இல்லையென்றால் இரண்டு கேபிளையும் தனித்தனியாகக் கீழே இறக்கி ஒரு மாற்று சுவிட்ச் வைப்பது எவ்வளவோ மேல்.

பூஸ்டர் எங்கே இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன், இதிலும் பலர் தப்பு செய்கிறார்கள். ஏரியலுக்குப் பக்கத்திலேயே, கம்பத்தில். கேபிள் 4 டெசிபெல் தின்ற பிறகு டிவிக்குப் பின்னால் பூஸ்டர் வைத்தால், அந்த 4 டெசிபெல் தரம் போனது போனதுதான். டிவிக்குப் பின்னால் வைக்கும் பூஸ்டரை வலுவான சிக்னல் உள்ள வீடுகளில் பிரித்துக் கொடுக்க மட்டும் பயன்படுத்தலாம்.

அம்மாவின் அறை மட்டும் ஏன் மோசம்? ஹாலும் அதே கெட்ட சிக்னலைத்தான் வாங்குகிறது, ஆனால் அது விளிம்புக்கு இந்தப் பக்கம் நிற்கிறது, அம்மாவின் அறை அந்தப் பக்கம். சில மூவழி ஸ்பிளிட்டர்கள் சமமாகப் பிரிப்பதில்லை: ஒரு வாயில் மூன்றரை இழப்பு, மற்ற இரண்டில் ஏழு. மூடியிலேயே எண் அச்சடித்திருக்கும், பாருங்கள். குறைந்த இழப்பு உள்ள வாய் தூரத்து அறைக்குப் போக வேண்டும். மாட்டுகிறவர்கள் கைக்கு எட்டியதை ஹாலுக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த அறைக்குப் போகும் கேபிள் அனலாக் காலத்து மெல்லிய ஆர்ஜி59 ஆக இருந்தால் இழப்பு இன்னும் கூடுதல், வலைப்பின்னலும் சன்னம், வெளிக்குப்பை உள்ளே நுழையும். மாற்றிவிடுங்கள்.

கேபிளை மாற்றும்போது முனைகளைக் கழற்றிப் பார்க்கவும். கூரையில் உள்ள எஃப் கனெக்டரைத் திருகி எடுத்து நடுக்கம்பியைப் பாருங்கள்: புதிதாக இருந்தால் செம்பு மினுங்கும், தண்ணீர் போனது என்றால் கறுத்திருக்கும் அல்லது பச்சை பூத்திருக்கும். வெளிவலை ஈரம் குடித்துச் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி உதிரும். அப்படி இருந்தால் நுனியை மட்டும் வெட்டினால் போதாது, நல்ல உலோகம் தெரியும்வரை அடிக்கணக்கில் வெட்டிக்கொண்டே போக வேண்டும், பாதி நேரம் முழுக் கேபிளையும் மாற்றுவதே மேல். இன்னொன்று, வலையின் ஒரே ஒரு இழை, தலைமுடி அளவு, நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும். படம் வந்தும் வராமலும் இருக்கும், பூஸ்டருக்கு மின்சாரமும் போகாது. மழை யுஎச்எஃப் சிக்னலை அவ்வளவாகக் குறைக்காது, டிஷ் மாதிரி இல்லை. மழை பெய்தால் உங்கள் ஏரியல் படம் போகிறது என்றால் தண்ணீர் எங்கோ கனெக்டருக்குள் போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்றி, கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள், தண்ணீர் அங்கே சொட்டிப் போகட்டும்.

சாயங்காலம் மட்டும் மோசமாவதற்கு வருகிறேன். இதற்கு நான் சந்தேகப்படுவது கைப்பேசிக் கோபுரம். தொலைக்காட்சிக்கு முன்பு இருந்த யுஎச்எஃப்-இன் மேல்பகுதி, 700 மெகாஹெர்ட்ஸ், கைப்பேசி சேவைக்குப் போய்விட்டது, 5ஜி அங்கே ஓடுகிறது. தொலைக்காட்சி இப்போது 470-லிருந்து 694 வரை. ஆனால் பழைய ஏரியலும் பழைய பூஸ்டரும் 862 வரை திறந்த வாயோடு இருக்கும். பக்கத்துத் தெருவில் கைப்பேசிக் கோபுரம் இருந்தால் அது உங்கள் பூஸ்டருக்கு இன்னொரு வலுவான நிலையம், கேஎல் டவரைவிடவும் வலுவாக இருக்கலாம். எல்லோரும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கைப்பேசியைப் பிடிக்கும் சாயங்காலத்தில் அந்தக் கோபுரம் முழு வீச்சில் அனுப்பும், விளிம்பில் நிற்கும் உங்கள் படம் அப்போது கவிழும். இதற்கு 694-க்கு மேல் வெட்டும் எல்டிஇ (4ஜி கைப்பேசி) வடிகட்டி இருக்கிறது, சில ரகங்களின் பெட்டியில் 5ஜி என்றும் போட்டிருக்கும். பூஸ்டருக்கு முன்னால் போட வேண்டும், பின்னால் போட்டுப் பயனில்லை. வடிகட்டி உள்ளேயே வைத்து வரும் புதுப் பூஸ்டரும் கிடைக்கிறது, வாங்குவதாக இருந்தால் அதையே வாங்குங்கள், கூடவே பூஸ்ட் அளவைத் திருகிக் குறைக்க வசதி உள்ளதாகப் பார்த்து.

மின்சாரப் பக்கம் ஒரு சோதனை பாக்கி. கூரை பூஸ்டருக்கு மின்சாரம் தரும் அடாப்டர் மூவழி ஸ்பிளிட்டருக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் ஒரு அறையில் இருக்கிறதா? பின்னால் என்றால் ஸ்பிளிட்டரின் அந்த வாய் மின்சாரத்தைக் கடத்தும் வகையாக இருக்க வேண்டும், அந்த அறையில் யாராவது சுவிட்சை அணைத்தால் வீடு முழுக்கப் படம் போகும். டிகோடர் மெனுவில் ஏரியலுக்கு மின்சாரம் கொடுக்கும் தேர்வு ஒன்று இருக்கும், உங்களிடம் தனி அடாப்டர் இருப்பதால் எல்லா டிகோடரிலும் அதை அணைத்து வையுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டிய வரிசை என்று பார்த்தால் பூஸ்டரைக் கழற்றி ஒவ்வொரு ஏரியலாகச் சோதித்து எழுதுவதுதான் முதலில். அந்தக் காகிதத்தை அனுப்புங்கள், எந்த ஏரியல் போக வேண்டும், எவ்வளவு பூஸ்ட் போதும் என்று எண்ணோடு சொல்லிவிடலாம். கூரைக்கு ஏறுவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் நம் ஊரில் இடி எப்போது வரும் என்று சொல்ல முடியாது, கூரை ஓடும் மழையில் வழுக்கும். கம்பத்தைத் தடித்த செம்புக் கம்பியால் தரையில் எர்த் செய்திருக்கிறார்களா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டுச் செய்துகொள்ளுங்கள், அதுவரை இடி கேட்டால் ஏரியல் கேபிளை டிகோடரிலிருந்து கழற்றி வைக்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.